மூன்று நாள் விருந்தும் அப்பாவின் நிலமும்

இன்று கொடைக்கானல் பேருந்தில், கல்யாணச் செலவு யாருடையது என்று முன் இருக்கையில் ஒரு ஜோடி சண்டை போட்டுக்கொண்டு வந்தது. எனக்கு 1960களில் நடந்த என் கல்யாணம் நினைவுக்கு வந்தது.

எங்கள் ஊர் மன்னவனூர். மாப்பிள்ளை வீட்டார் மூன்று நாள் விருந்து கேட்டார்கள். அதற்காக நிலத்தை விற்க அப்பா பத்திர ஆபீசுக்குப் புறப்பட்டார். துணி எடுக்க வேண்டும் என்று பொய் சொல்லி, நானும் அவரோடு உருளைக்கிழங்கு லாரியில் ஏறிவிட்டேன்.

கொடைக்கானல் பஜாரில் இறங்கி நேராக மாப்பிள்ளையின் மளிகைக் கடைக்குப் போனேன்.

“நீங்க கேட்ட விருந்துக்காக எங்கப்பா நெலத்த எழுதிக் குடுக்கப் போறாருங்க. ஒங்களுக்குத் தெரியுமா?”

அவர் முகம் வெளுத்தது. “தெரியாதுங்க.”

கல்லாவில் இருந்த அவருடைய அப்பா எழுந்தார். “பொம்பளப் புள்ள கடையேறி வந்து பேசுற சோலியா இது?”

“விருந்து வேணும்னா நம்ம செலவுல போடுவோம்ப்பா” என்ற மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினார். “வெரசா வாங்க, அவரு கையெழுத்துப் போட்டுறப் போறாரு.”

இருவரும் ஓடினோம். நாங்கள் பத்திர ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தபோது அப்பா பேனாவைக் கையில் எடுத்திருந்தார். மாப்பிள்ளை அதை வாங்கி வைத்தார்; நிலம் தப்பியது.

அடுத்த முகூர்த்தத்தில் மாப்பிள்ளை கோயிலில் எனக்குத் தாலி கட்டினார். வந்தவர்களுக்கு சாம்பார் சாதம். மாமனார் மூன்று வருடம் என்னோடு பேசவில்லை. நான் சமைத்ததை மட்டும் தவறாமல் சாப்பிட்டார்.

உங்கள் கல்யாணச் செலவு யார் தலையில் விழுந்தது?