சவுரியம்மாளின் கட்டின நாய்கள்

திண்டிவனம் ரயிலடியில் சவுரியம்மாளைத் தெரியாதவர்கள் கிடையாது. அவித்த மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, விற்பாள். ஓமந்தூர்ப் பக்கம் யார் யாருடைய கழனியிலோ நாற்று நட்டுக்கொண்டிருந்தவள். புருஷன் காலராவில் போன பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிட்டாள். ஸ்டேஷன் வேலிக்கு வெளியே நாலு பனையோலையைச் சாய்த்துக் கட்டி, அதற்குள் படுத்துக்கொள்வாள். மழை பெய்தால் உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் ஒன்றுதான்.

என் வீட்டுக்காரர் ஸ்டேஷனில் போர்ட்டர். அதனால் எங்கள் குடிசையும் அவளுக்குப் பக்கம்தான். என் மகள் அப்போது கைக்குழந்தை. இப்போது அவளுக்கே ஆண் குழந்தை பிறந்து என் மடியில் கிடந்து தூங்குகிறான். அவன் கொட்டாவி விட்டால்கூட எனக்குச் சிரிப்பு வருகிறது. அவன் எழுந்திருப்பதற்குள் இதை எழுதி முடிக்க வேண்டும். இது சிரிக்கிற சங்கதி இல்லை.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியான வருஷம் அது. வெயில் காலத்தில் ரயில் ரயிலாக ஜனங்கள் வந்து இறங்கினார்கள். பெட்டி, படுக்கை, அண்டா, தையல் மிஷின், கூண்டில் கிளி, சங்கிலியில் நாய். ஊரில் மாட்டுக் கொட்டாயைக்கூட வாடகைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஐப்பசி மழைக்குள் பயம் தெளிந்துவிட்டது. வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். மிஷின் போயிற்று, கிளி போயிற்று, நாய்கள் மட்டும் நின்றுவிட்டன.

ஒரு குடும்பம் வண்டி ஏறியபோது நானே அங்கே இருந்தேன். வெள்ளை மூஞ்சி பெட்டை நாய் ஒன்று அவர்கள் காலைச் சுற்றிக்கொண்டிருந்தது. ராணி என்று கூப்பிடுவார்கள். வீட்டு அம்மா குனிந்து அதன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

சவுரியம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள். "இன்னாம்மா, நாயை இட்டுக்கினு போவலியா?"

"அதுக்கு வேற டிக்கெட்டு, அது ஒரு பேஜாரு. இங்கயே பொழச்சுக்கும். உங்க ஊரு நாயெல்லாம் பொழைக்கல?"

"எங்க ஊரு நாயி எலும்பு பொறுக்கும்மா. இது தட்டுல போட்டாத்தான துன்னும்."

"பழகிடும்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா ஏறிவிட்டாள். வண்டி நகர்ந்தது. ராணி கூடவே ஓடி, பிளாட்பாரம் முடிகிற இடத்தில் நின்றது.

பழகவில்லை. இப்படி விட்டுப்போன நாய்கள் ஏழு ரயிலடியில் சேர்ந்துவிட்டன. தெருநாய்கள் அவற்றைக் கடைத்தெருப் பக்கம் அண்ட விடவில்லை. குப்பையைக் கிளறக்கூட அவற்றுக்குத் தெரியவில்லை. ஆட்கள் சாப்பிடுகிற இடத்தில் போய் ஒழுங்காக உட்கார்ந்துகொண்டு முகத்தையே பார்க்கும். அரிசி கிடைக்காத காலம், யார் போடுவார்கள்? சவுரியம்மாள் தன் கேப்பைக் கூழில் தண்ணீரை ஊற்றி ஊற்றிப் பெருக்கி அவற்றுக்கு வைத்தாள். நாய்களும் தேறவில்லை, அவளும் இளைத்துக்கொண்டே போனாள்.

மார்கழியில் கடைத்தெருவில் ஒரு வெறிநாய் மூன்று பேரைக் கடித்துவிட்டது. ஊரே கம்பும் கையுமாகத் திரிந்தது. மறுநாள் தண்டோராக்காரன் தாண்டவராயன் தமுக்கு அடித்துக்கொண்டு வந்தான்.

"நாளைக் காலையில நாய்க்கு வெச உருண்டை போடப் போறாங்கோ! கட்டின நாயைத் தொட மாட்டாங்கோ! கட்டாத நாயி எதுவும் தப்பாதுங்கோ!"

பட்டணத்தில் கழுத்துப் பட்டை போட்ட நாயை நாய் பிடிக்கிற வண்டிக்காரன் தொட மாட்டான் என்று வந்தவர்கள் சொல்லிக் கேட்டிருந்தோம். அதனால் கட்டின நாய் என்றால் கழுத்தில் கயிறு கட்டின நாய் என்றுதான் சவுரியம்மாள் எடுத்துக்கொண்டாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. எங்கள் வரிசையில் ஒருத்தருக்கும் வேறு மாதிரி தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் அவள் தன் ஓலையைக் கட்டியிருந்த கயிற்றையே அவிழ்த்துவிட்டாள். அதை ஏழு துண்டாக அறுத்து, ஒவ்வொரு நாயாகக் கூப்பிட்டுக் கழுத்தில் முடிந்தாள். காப்பிக் கடை வேங்கடேசன் கடையில் இருந்தபடியே கேட்டான்.

"இன்னா சவுரி, நாய்க்குத் தாலி கட்டிக்கினு கீற?"

"ஆமாண்ணே. கயிறு ஏறிட்டா கேக்க ஆளு இருக்குன்னு தெரியும் இல்ல."

"உனக்குந்தான் ஏறிச்சு. யாரு கேட்டாங்க?"

"எனக்குக் கட்டினவன் பூட்டான். இதுங்களுக்குக் கட்டினவ குத்துக்கல்லாட்டம் இருக்கேனே!"

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

காலையில் பஞ்சாயத்து ஆட்கள் இரண்டு பேர் உருண்டை வைத்த தகர டப்பாவோடு வந்தார்கள். பெரியவர் விருத்தாசலம், ஊருக்குத் தெரிந்த ஆள். கறி வாசனைக்கு நாய்கள் வாலை ஆட்டிக்கொண்டு அவர்களிடமே போயின. பட்டணத்து நாய்களுக்கு மனுஷன் கையில் தகரம் இருந்தால் அது சோறுதான். சவுரியம்மாள் பிளாட்பாரத்தில் மல்லாட்டை அளந்துகொண்டிருந்தாள். நான் கத்தின சத்தம் கேட்டு அவள் ஓடி வருவதற்குள் மூன்று நாய்கள் விழுந்து காலை உதைத்துக்கொண்டிருந்தன.

"நிறுத்துங்கய்யா! கட்டின நாய்ங்கய்யா! கழுத்தப் பாருங்கய்யா!"

விருத்தாசலம் நிமிர்ந்து பார்த்தார். "கயிறு இருக்கு. முளை எங்கம்மா?"

"முளையா?"

"கட்டின நாய்னா கட்டிப் போட்ட நாயி. வூட்டுல, முளையில, தூணுல. கயித்த மாட்டிக்கினு தெருவுல திரிஞ்சா அது கட்டின நாயா?"

சவுரியம்மாள் குனிந்தாள். விழுந்து கிடந்ததில் ஒன்றின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். அவள் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது.

"அண்ணே, மீதி நாலையும் இப்பவே கட்டிடுறேன். கொஞ்சம் பொறுத்துக்கண்ணே."

"எனக்கு மேல ஆளு இருக்காங்கம்மா. பஜார்ப் பக்கம் போய்ட்டு வர்றேன். திரும்பி வர்றப்போ தெருவுல நிக்கிறது செத்துதுன்னு வச்சுக்க. ஜல்தி போ."

கைக்கு இரண்டாக நாலு கயிற்றையும் பிடித்துக்கொண்டு அவள் ஓடினாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் பின்னால் போனேன். ஒன்றை என் குடிசைக் காலில் கட்டினோம். இன்னொன்றும் சேர்ந்து இழுத்தால் அந்தக் கால் தாங்காது. மாடு வைத்திருந்த குல்சும் பீவி வீட்டு வாசலில் சவுரியம்மாள் தயங்கி நின்றாள்.

பீவி எட்டிப் பார்த்து, "வூட்டுக்குள்ள நாயி ஆவாதும்மா, தொழுகைக்கு ஒத்துவராது" என்றாள். பிறகு நாயைப் பார்த்தாள். "பின்னால மாட்டுக் கொட்டாய்ல கட்டு. தண்ணி நான் வைக்கிறேன். எத்தினி நாளைக்கு?"

"ஊரு பயம் தெளியற வரைக்கும் பீவிம்மா."

வேங்கடேசன் கடை விறகுக் கொட்டாயில் ஒன்றைக் கட்ட விட்டான். "ராத்திரி கத்திச்சுன்னா அவுத்து வுட்டுருவேன், இப்பவே சொல்லிட்டேன்."

நாலாவது ராணி. அதை யாரும் வாங்கவில்லை. ஒரு வீட்டில், "கடிச்சா நீ வந்து ஊசி போடுவியா?" என்றார்கள். இன்னொரு வீட்டில், "எங்களுக்கே கஞ்சி இல்ல" என்றார்கள். அதற்கடுத்த வீட்டு லட்சுமியம்மாள் நாயைப் பார்த்ததுமே கதவைச் சாத்திக்கொண்டாள். சவுரியம்மாள் சாத்தின கதவைப் பார்த்துக் கும்பிட்டாள். "சோறு வேணாம்மா. தூணு மட்டும் குடுங்கம்மா." உள்ளே தாழ் போடுகிற சத்தம் கேட்டது.

வேலிக் கம்பத்தில் கட்டப் போனால் ஸ்டேஷன் ஆள் விரட்டினான். ஓலைக்கு வந்து அதைத் தாங்கி நின்ற மூங்கிலில் கட்டினாள். கயிறு அவிழ்த்த ஓலைதானே, ராணி ஒரு இழுப்பு இழுத்ததும் மொத்தமும் சரிந்து விழுந்தது. தகர டப்பாவின் சத்தம் தெருக்கோடியில் கேட்டது. சவுரியம்மாள் கயிற்றின் நுனியைத் தன் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாம்மா இது?" என்றார் விருத்தாசலம்.

"கட்டியிருக்கேன்."

"வூட்டுல கட்டணும்னு சொன்னேனே?"

"வூடு வுழுந்துடுச்சுண்ணே. நான் வுழல."

கூட வந்தவனுக்குப் பொறுமை இல்லை. ஒரு உருண்டையை எடுத்துத் தூரமாகப் போட்டான். அதைப் பார்த்ததும் ராணி பாய்ந்தது. முந்தின நாள் கூழ் குடித்ததோடு சரி, வயிறு ஒட்டிக் கிடந்த நாய். இடுப்புக் கயிறு விறைத்து சவுரியம்மாளை மண்ணில் சாய்த்து இழுத்தது. "வேணாம்டி, வேணாம்டி ராணி" என்று கத்திக்கொண்டே முட்டியால் தேய்ந்துகொண்டு போனாள். அவ்வளவு பாசமாக இருந்த நாய் திரும்பிப் பார்க்கவில்லை. அதன் மூக்கு உருண்டையைத் தொடுகிற நேரத்தில் அவள் குப்புற விழுந்து அதைக் கையால் மூடினாள். ராணி அவள் விரல்களைப் பிறாண்டியது. ரத்தம் வந்தது. அவள் கையை எடுக்கவில்லை.

விருத்தாசலம் வந்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, உருண்டையை எடுத்து டப்பாவில் போட்டுக்கொண்டார். "கையக் கழுவிட்டு எதையாச்சும் தொடு. நாளைக்கும் வருவோம்மா. நானே வருவேன்னு சொல்ல முடியாது."

நான் வீட்டுக்கு ஓடிப் போய்க் கூழ் கொண்டு வந்தேன். என் குழந்தைக்கு வைத்திருந்த கூழ். ராணி சட்டியைக் காலி செய்துவிட்டு அவள் மடியிலேயே படுத்துக்கொண்டது.

"இத இடுப்புல கட்டிக்கினு பிளாட்பாரத்துல ஏற வுட மாட்டாங்களே அம்மணி" என்றாள் என்னிடம். "மல்லாட்டை விக்காம இதுக்கு இன்னாத்த ஊத்துவேன்?"

விழுந்த ஓலையை இரண்டு பேருமாகத் தூக்கிப் பார்த்தோம். கட்டக் கயிறு இல்லை.

விளக்கு வைப்பதற்கு முன்னாலேயே வேங்கடேசன் தன் நாயை அவிழ்த்து விட்டுவிட்டான். நாய் கத்தவில்லை, கடைக்கு வந்தவர்கள் பயந்தார்களாம். அது நேராக சவுரியம்மாளிடம் வந்து நின்றது. அவள் அவனைத் திட்டவில்லை. அதன் கயிற்றையும் பிடித்து இடுப்பில் இன்னொரு பக்கம் முடிந்துகொண்டாள். எழுந்து சேலையை உதறினாள்.

"எங்கக்கா போற?" என்றேன்.

"குளத்தங்கரைத் தெருவுல இன்னும் கேக்கல" என்று சொல்லிவிட்டு, இரண்டு நாய்களும் இரண்டு பக்கம் இழுக்க, நடக்க ஆரம்பித்தாள்.