தீபாவளி இனிப்பும் ஐந்தருவி நடுக்கமும்: டைப் 1 பிள்ளையோடு தென்காசிப் பயணம்

இந்தத் தீபாவளிக்கு நான்கு நாள் தென்காசிப் பக்கம் போய் வந்தோம். குற்றாலம் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் எழுதுவது வேறு காரணத்துக்காக. என் மகள் கவிக்குப் பதினொரு வயது. மூன்று வருடமாக டைப் 1 சர்க்கரை. அவள் உடம்பில் இன்சுலின் சுரப்பதில்லை. சாப்பிடுமுன் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். இப்படி ஒரு பிள்ளையோடு பண்டிகைக்கு ஊருக்குப் போகலாமா என்று யோசிப்பவர்களுக்குத்தான் இந்தப் பதிவு.

போன வருடம் ஊரிலிருந்து திரும்பியதும் கவி, "இனிமே தீபாவளிக்கு அங்க வரமாட்டேம்மா. நான் உள்ள வந்தா எல்லாரும் தட்ட ஒளிக்காங்க" என்றாள். எங்கள் மருத்துவரைக் கேட்டபோது, இனிப்பு சாப்பிடலாம், அளந்து சாப்பிட்டு அதற்கேற்ற ஊசி போட்டுக்கொண்டால் போதும் என்றார். ஆகவே இந்த முறை ஒரு திட்டம். ஒரு நாளைக்கு ஒரு இனிப்பு. எது என்பதை கவிதான் முடிவு செய்வாள். தினமும் காலையில் நாற்பது நிமிட நடை. இது சரியாக நடந்தால் ஊர்த் தீபாவளி அவளுக்குத் திரும்பக் கிடைக்கும். ஏதாவது ஏடாகூடமானால் அவ்வளவுதான், சொந்தக்காரர்கள் அவளைப் பொத்திப் பொத்தியே வைத்துவிடுவார்கள்.

மதுரையிலிருந்து காலை 6.10க்குக் காரில் கிளம்பினோம். ராஜபாளையத்தில் இட்லி. சிவகிரி தாண்டியதும் வலது பக்கம் மலை கூடவே வரத் தொடங்கிவிடும். அதன்பின் பிள்ளைகள் ஃபோனைப் பார்க்கமாட்டார்கள். புளியங்குடியில் நெரிசலில் இருபது நிமிடம் போனது. இலத்தூர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போது மணி 10.25, எங்கள் மீட்டரில் 161 கிலோமீட்டர். வழியெல்லாம் நல்ல சாலை.

இலத்தூரில் என் கணவரின் அக்கா வீடு. பார்வதி மதினி. மனசு முழுக்கப் பாசம், வாய் முழுக்க உத்தரவு. நான் சமையலறைத் தராசைப் பையிலிருந்து எடுத்ததைப் பார்த்து, "என்னட்டி, எடைக்கடை வைக்கப் போறியா?" என்று சிரித்தார்கள். ஒரு நாளைக்கு ஒரு இனிப்பு என்ற கணக்கைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"சுதா, சீனி வியாதிக்காரப் பிள்ளைக்கு இனிப்பா? ஒனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா?"

விளக்கினேன். தலையாட்டிக் கேட்டார்கள். கேட்டதெல்லாம் காதோடு நின்றுவிட்டது என்பது மறுநாள்தான் தெரிந்தது.

தீபாவளியன்று விடியலில் எண்ணெய்க் குளியல், புதுத்துணி. ஏழு மணிக்குக் கவியும் நானும் குளத்தங்கரையில் நடக்கப் போனோம். நாரைகள் நிறைய இருந்தன. 9.15க்குக் காலைச் சாப்பாடு. கவி தேர்ந்தெடுத்தது முந்திரிக்கொத்து, பாசிப்பயற்று மாவில் கருப்பட்டி சேர்த்துப் பிடித்துப் பொரிப்பது. ஒன்று 28 கிராம். ஊசிக்கணக்கைக் கவியே போட்டாள், நான் சரிபார்த்தேன். (எங்கள் அளவை இங்கே எழுதமாட்டேன், பிள்ளைக்குப் பிள்ளை அது மாறும்.)

"இது கருப்பட்டிதானட்டி, சீனியா போட்டிருக்கு? இதுக்கு எதுக்கு ஊசி?" என்றார்கள் மதினி. கருப்பட்டியும் ரத்தத்தில் கலந்தால் சர்க்கரைதான் என்று கவி சொன்னாள். மதினியின் இரண்டு பெண்களோடு ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து, அந்த ஒற்றை முந்திரிக்கொத்தைக் கால் மணி நேரம் கடித்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

முந்தின நாள் மலையில் நல்ல மழை. அருவிகளில் வெள்ளம், குளிக்கத் தடை. அதனால் குற்றாலம் அன்றைய திட்டத்திலேயே இல்லை. 10.20க்குத் தெருவில் ஆட்டோ ஓட்டும் ஒருவர் வாசலில் நின்று குரல் கொடுத்தார்.

"ஐந்தருவி தொறந்துட்டாவ அக்கா. இப்பமே போனா கூட்டம் இருக்காது. மத்தியானம் கேரளாக்காரங்க வண்டி வந்துரும்."

"எவ்வளவு அண்ணாச்சி?"

"போக வர, காத்துக் கிடக்கதுக்கும் சேத்து அறுநூறு. நல்ல நாளும் அதுவுமா பேரம் பேசாதிய."

பேசவில்லை. பெண்கள் அந்த ஆட்டோவிலும், மதினி வீட்டு ஆண்களை ஏற்றிக்கொண்டு என் கணவர் காரிலுமாகக் கிளம்பினோம். நான் துணி மாற்றும் அவசரத்தில் இருந்தபோது மதினி, "பிள்ளையோட பைய நான் எடுத்துக்கிடுதேன்" என்றார்கள். சரி என்றேன். அந்தச் 'சரி'தான் இந்தப் பயணத்தில் நான் செய்த பெரிய தப்பு.

ஒன்பது கிலோமீட்டர், இருபத்தைந்து நிமிடம். கார் நிறுத்தும் இடத்திலிருந்து அருவி வரை இருபுறமும் சிப்ஸ், அல்வா, பழக்கடைகள். பெண்கள் பக்கம் வரிசை இருந்தாலும் வேகமாக நகர்ந்தது. தண்ணீர் தலையில் அறைந்து விழுந்தது. கவி போவாள், திரும்பி ஓடி வருவாள், மறுபடி போவாள். நாற்பது நிமிடம் ஓயவில்லை. காலையில் போட்ட ஊசி உடம்பில் வேலை செய்துகொண்டிருக்க, இவ்வளவு ஆட்டமும் சேர்ந்தால் சர்க்கரை விறுவிறுவென்று இறங்கும். அது எனக்குத் தெரியும். அருவியில் நிற்கும்போது நினைவுக்கு வரவில்லை, அதுதான் விஷயம்.

11.50 இருக்கும். கவி வெளியே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு வெளுத்திருந்தது. கை நடுங்கியது.

"குளுருதுல்லா. ரெண்டு நிமிசம் வெயில்ல நின்னா சரியாப் போயிரும்," என்று மதினி துண்டைப் போர்த்தினார்கள். அங்கே நின்ற எல்லாப் பிள்ளைகளும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். எல்லா உதடும் வெளுத்துத்தான் இருந்தது. நானும் குளிர் என்றே நினைத்தேன். "ஏட்டி கவி, சுக்குக்காப்பி குடிக்கியா?" என்று மதினி கேட்டதற்கு அவள் பதில் சொல்லவில்லை. திரும்பக் கேட்டபோது முகத்தைச் சுளித்து, "யாரு?" என்றாள்.

குளிரில் பிள்ளை ஆளை மறக்காது. இது சர்க்கரை இறக்கம்.

பையைப் பிடுங்கித் திறந்தேன். குளுக்கோஸ் பாக்கெட்டும் ஆரஞ்சு மிட்டாயும் எப்போதும் இருக்கும் அறையில் ஒரு டப்பா சுண்டலும் நாலு வெள்ளரிப்பிஞ்சும் இருந்தன. மிட்டாய் எங்கே என்று கத்தினேன். மதினி வாயைத் திறந்து திறந்து மூடினார்கள்.

கவியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். முதல் டீக்கடையில் ஒரு அம்மா பால் ஆற்றிக்கொண்டிருந்தார். "சீனி, தண்ணில கலந்து குடுங்க, பிள்ளைக்குச் சக்கரை எறங்கிட்டு" என்றேன். அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. மூன்று கரண்டி சீனியை டம்ளரில் போட்டுக் கலக்கி அவரே கவியின் வாயருகே பிடித்தார். "மெதுவா முழுங்கு தாயி, மெதுவா." அவள் விழுங்கினாள். அப்புறம்தான் விரலைத் துடைத்து, பையிலிருந்த சர்க்கரை மிசினில் சோதித்தேன்: 52. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. கால் மணி நேரம் கழித்து 79, இன்னும் கொஞ்சம் சீனித்தண்ணீர், பிறகு 104. "எனக்கு ஏம்மா இவ்வளவு பசிக்குது?" என்று கேட்டாள். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். டீக்கடை அம்மா காசு வாங்கவே இல்லை. கவிக்கு இரண்டு பிஸ்கட்டும் கொடுத்தார்.

மதினி எதிரில் ஈரச்சேலையோடு நின்றார்கள். "நாந்தான் எடுத்து வச்சேன். சீனி வியாதிப் பிள்ளையோட பையில சீனி கெடக்கேன்னு... யாரோ தெரியாம வச்சிட்டாவன்னு நெனச்சிட்டேன் சுதா."

உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடம் அவர்களை அறைந்திருப்பேன். திரும்பவும் ஆட்டோவில் ஏறினோம். பாதி வழியில்தான் எனக்கே உறைத்தது. இனிப்பு எப்படிச் சாப்பிட வேண்டும் என்று மணிக்கணக்கில் விளக்கினேனே தவிர, இனிப்பு மருந்தாகவும் ஆகும் என்று ஒரு வார்த்தை சொன்னேனா? பையைத் திறந்து பார்த்தேனா? அருவிக்கு முன்னால் சோதித்தேனா?

வீட்டுக்கு வந்து, நாளை முதல் இனிப்பும் கிடையாது, அருவியும் கிடையாது என்று அறிவித்தேன். கவி என்னை நேராகப் பார்த்தாள்.

"இனிப்பு திண்ணதால ஒண்ணும் ஆகலம்மா. இனிப்பு இல்லாமப் போனதாலதான் ஆச்சு."

மதினிதான் பேசினார்கள். "ஏட்டி, அந்த மிசினை இங்கன கொண்டா. எனக்குச் சொல்லிக் குடு." கவி சொல்லிக்கொடுத்தாள். மதினி தன் விரலையே குத்திப் பார்த்துக்கொண்டார்கள். எந்த எண் வந்தால் ஊசி, எந்த எண் வந்தால் சீனி என்று நாட்காட்டித் தாளின் பின்புறம் எழுதி அடுப்படிக் கதவில் ஒட்டினார்கள்.

மறுநாள் மருத்துவரிடம் ஃபோனில் கேட்டு ஊசியைக் குறைத்துக்கொண்டு பழைய குற்றாலம் போனோம். அன்றைய இனிப்பு பாதி அதிரசம். தண்ணீருக்குள் போகுமுன் ஒரு சோதனை, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே கூப்பிட்டு ஒன்று. மதினி குளிக்கவே இல்லை. கரையில் நின்று கவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்காம் நாள் காலை ஒரு துண்டு அல்வா. அதை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

போகிறவர்களுக்குச் சில. மழைக்காலத்தில் அருவி எந்த நேரமும் மூடப்படும், திறக்கப்படும். திடீரென்று திறந்தார்கள் என்று அவசரப்பட்டு ஓடாதீர்கள், முதலில் பிள்ளையைச் சோதியுங்கள். சாப்பிட்டு ஊசி போட்ட கையோடு அருவிக்குப் போவதாக இருந்தால் அளவை முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள். ஆபத்துக்கு மைசூர்பாகு, அதிரசம் உதவாது; நெய்யும் எண்ணெயும் சேர்ந்தவை ஏற நேரமாகும். குளுக்கோஸ், சீனி, பழச்சாறுதான். ஈரம் படாத உறையில், இரண்டு பேரிடம் இருக்கட்டும். அருவிக்கரையில் பிள்ளை நடுங்கினால் குளிர் என்று முடிவு கட்டாதீர்கள். சோதிக்க வழியில்லையா, முதலில் சீனி, அப்புறம் துண்டு. விழுங்க முடியாத நிலையில் இருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் நேராக மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

மதுரைக்குத் திரும்பியபின் மதினி வாரம் ஒருமுறை ஃபோன் செய்கிறார்கள். முன்பெல்லாம் முதல் கேள்வி, "பிள்ள இனிப்பு ஒண்ணும் திங்கலல்லா?" என்பதாக இருக்கும். இப்போது, "பிள்ள பையில மிட்டாய் இருக்கா?" என்கிறார்கள். இருக்கு மதினி என்றால் விடுவதில்லை.

"நீ கைய விட்டுப் பாத்தியா?"

ஒவ்வொரு முறையும் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்துதான் பதில் சொல்கிறேன்.