காலி அணைக்காரி

ஊரில் அவளைக் 'காலி அணைக்காரி' என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிடுகிறவர்களுக்கு அது கேலி. அவளுக்கும் முதலில் சுருக்கென்றுதான் இருந்தது. ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு, அப்படிக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பேன் என்கிற அளவுக்கு அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்துப்போனது.

அணை என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு குன்றுகளுக்கு நடுவே மண்ணைக் கொட்டி, இறுக்கி, மேலே புல் வளர்த்த ஒரு கரை. அடியில் ஒரு குழாய். குழாயின் வாயில் இரும்புக் கம்பி வலை. வெள்ளம் மிஞ்சினால் வழிந்து போக, ஓரத்தில் கல் பதித்த தாழ்வான ஒரு வழி. அவ்வளவுதான். மேட்டிலிருந்து முரட்டுத்தனமாக இறங்கி வரும் மழைவெள்ளத்தை மடக்கிப் பிடித்து, குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். மற்ற நாளெல்லாம் குழாய் திறந்தே கிடக்கும். உள்ளே சொட்டுத் தண்ணீர் நிற்காது. அடுத்த வெள்ளத்துக்கு இடம் வைத்துக்கொண்டு காலியாகக் காத்திருப்பதுதான் அதன் வேலை. இதை ஊருக்குப் புரியவைக்கப் போய் அவள் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

அவளும் தம்பியும் அம்மாவோடு கீழ்த்தெருவில் இருந்தார்கள். அணை வருவதற்கு முன் ஒரு மழையில் வெள்ளம் தெருவுக்குள் புகுந்து, சமையலறைச் சுவரைத் தள்ளிக்கொண்டு போயிற்று. அம்மாவின் தையல் மெஷின் அடுத்த தெருச் சேற்றில் குப்புறக் கிடந்தது. கரை கட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் முதல் ஆளாகப் போய் நின்றவள் அவள்தான்.

கொட்டிய மண்ணுக்குத் தண்ணீர் தெளிக்கும் வேலை கொடுத்தார்கள். ஒரு பிடி மண்ணை எடுத்துக் கையில் இறுக்கிப் பார்ப்பாள். உதிர்ந்தால் தண்ணீர் போதவில்லை. விரலில் ஒட்டினால் அதிகமாகிவிட்டது. கிண்ணென்று உருண்டையாக நின்றால் ரோலர் ஓட்டுகிறவருக்குக் கையைத் தூக்கிக் காட்டுவாள்.

"நீ கை காட்டாம என் வண்டி நகராதும்மா" என்பார் அவர், ஏதோ பெரிய அதிகாரியிடம் பேசுவது போல.

கரை எழும்பியதும் எல்லோரும் வேறு வேலைக்குப் போனார்கள். அவள் மட்டும் பராமரிப்புக்கு அங்கேயே தங்கினாள். புல் வெட்டுவாள். எலி வளையைத் தோண்டி மண் போட்டு இடித்து இறுக்குவாள். முளைத்த செடியை வேரோடு பிடுங்குவாள். வலையில் சிக்கிய கிளையையும் குப்பையையும் நீளமான கொக்கிக் கழியால் இழுத்துப் போடுவாள். தன் வீட்டுக் கூரை ஒழுகியபோதுகூட அவ்வளவு பதறியதில்லை. கரையில் ஒரு பிளவு கண்டால் அன்றைக்குச் சோறு இறங்காது.

தம்பிக்கு, அணை என்றால் தண்ணீர் நிற்கும் என்று யார் சொன்னார்களோ, வாத்து வாங்கிவிட்டான். நிற்கவில்லை என்றதும் அவனுடைய கோபம் முழுவதும் அக்காவின் மேல் திரும்பியது.

"அவனவன் அக்கா பஸ் ஆபீஸ்ல இருந்தா தம்பிக்கு சீட்டு பிடிச்சுக் குடுக்கறா. நீ அணையில இருக்க. ஒரு குளம் தண்ணி குடுக்க மாட்டியா?"

"என் கையில இருக்கறது கொக்கிக் கழிடா, மந்திரக்கோல் இல்ல."

"குழாயை அடைச்சா முடிஞ்சு போச்சு."

"அடைச்சா உன் கதையும் முடிஞ்சு போகும்."

அந்த மழைக்காலத்தின் முதல் மழை பெய்தபோது அவள் காய்ச்சலில் படுத்துக் கிடந்தாள். எழுந்து வெளியே வந்தால், தெருவே அணையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. அவளும் போர்வையைச் சுற்றிக்கொண்டு போனாள்.

அணைக்குள் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. தண்ணீரில் வானம் தெரிந்தது. நடுவில் தம்பியின் வாத்துகள். மண் மூட்டைகளால் குழாயின் வாயை அடைத்துவிட்டு, மாப்பிள்ளை மாதிரி கரையில் நின்றுகொண்டிருந்தான் அவன். டீக்கடைக்காரர் பெஞ்சையே கரைக்குக் கொண்டுவந்துவிட்டார்.

"இப்பதான்மா உன் அணை அணை மாதிரி இருக்கு!" என்று ஒரு கண்ணாடி டம்ளரை அவளிடம் நீட்டினார். காசு வாங்கவில்லை.

உடனே மூட்டையை எடு என்று கத்தியிருக்க வேண்டும். அவள் கத்தவில்லை. இத்தனை வருடம் கேலி பேசிய ஊர் அன்றைக்கு அவளுக்கு நகர்ந்து உட்கார இடம் கொடுத்தது. தான் தண்ணீர் தெளித்து, தான் கை காட்டி எழுப்பிய கரை ஒரு கடலைத் தாங்குவது போலத் தெரிந்தது. இன்றைக்கு ஒரு நாள் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று நினைத்தாள். அந்த நினைப்பு அவளுக்கு இனித்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

மறுநாள் காலை மேட்டுக்கு அந்தப் பக்கம் வானம் தார் பூசியது போல இருந்தது. பெருமழை வரும் என்று ரேடியோ சொன்னது. அவள் கரை ஓரமாக நடந்து பார்த்தாள். தண்ணீர் பாதிக் கரைக்கு மேல் நின்றது. வரப்போகும் வெள்ளத்துக்கு உள்ளே இடம் எங்கே? கல் பதித்த வழிக்கும் மிஞ்சி மண் கரையின் தலைமேல் தண்ணீர் ஏறி ஓடினால், சர்க்கரை கரைகிற மாதிரிக் கரைந்துவிடும். பிறகு இவ்வளவு தண்ணீரும் ஒரே மூச்சில் கீழ்த்தெருவுக்குத்தான் போகும். எந்த அணையைப் பார்த்து நேற்று மனம் பொங்கியதோ, அதுவே இன்று தெருவின் தலைக்கு மேல் தொங்கும் பாறையாகத் தெரிந்தது.

கரையில் கூட்டம் குறையவில்லை. "தண்ணிய விடப்போறேன்" என்றாள்.

"உனக்குக் காய்ச்சல் இன்னும் போகலையாம்மா?" என்றார் டீக்கடைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள்.

இறங்கிக் கையால் மூட்டையை எடுக்கப் போனால் குழாய் ஆளையே இழுத்து வலையோடு அழுத்திவிடும். தூரத்தில் நின்றுதான் இழுக்க வேண்டும். அன்றைய ரோலர்காரர் இப்போது டிராக்டர் வைத்திருந்தார். சொல்லி அனுப்பியதும் சங்கிலியோடு வந்துவிட்டார். ஆனால் மூட்டைகளைக் கட்டிய கயிறு தண்ணீருக்குள் எங்கே இருக்கிறது என்பது தம்பிக்கு மட்டும்தான் தெரியும்.

"சொல்ல மாட்டேன். என் வாத்து இப்பதான் தண்ணியைப் பாக்குது" என்றான்.

"சரி, சொல்லாத. அம்மா மெஷினை சேத்துல இருந்து தூக்கிட்டு வந்தது யாரு?"

"நான்தான். அதுக்கென்ன இப்ப?"

"இன்னொரு தடவை தூக்குவியா?"

அவன் வாத்துகளைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான். பிறகு அக்காவின் கையிலிருந்த கொக்கிக் கழியைப் பிடுங்கி, "தள்ளு, உனக்குச் சரியா மாட்டத் தெரியாது" என்று தானே கயிற்றைத் துழாவி மாட்டினான்.

சங்கிலி இறுகியது. டிராக்டர்காரர் வண்டியில் உட்கார்ந்தபடியே அவளைப் பார்த்துக் காத்திருந்தார். அவள் கையைத் தூக்கினாள். வண்டி நகர்ந்தது.

மூட்டைகள் கரையேறியதும் குழாய் உறுமியது. சாயங்காலத்துக்குள் ஊர் ரசித்த குளம் போய், சேறும் பிளாஸ்டிக் பாட்டிலும் மிஞ்சின. "நல்லா இருந்ததைக் கெடுத்தா" என்று முணுமுணுத்துக்கொண்டே பெஞ்சைத் தூக்கிக்கொண்டு போனார் டீக்கடைக்காரர்.

மழை அதற்கடுத்த நாள் பிடித்தது. பேய் மழை. அக்காவும் தம்பியும் மாறி மாறி வலையில் சிக்கிய கிளைகளை இழுத்துப் போட்டார்கள். தண்ணீர் முந்தைய குளத்தின் மட்டத்தையும் தாண்டி, கல் பதித்த வழிக்கு ஒரு சாண் கீழே வந்து நின்றது. கரை அசையவில்லை. ஈரக் கரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். கிண்ணென்று இருந்தது.

மழை தூறலாகக் குறைந்ததும் கீழ்த்தெரு வழியாகக் கடைக்குப் போனாள். வாசல்கள் எல்லாம் வழக்கம் போலத் திறந்திருந்தன. அவள் வீட்டிலிருந்து அம்மாவின் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. படியில் நின்ற பெண் எதிர்வீட்டுக்காரியிடம் சலித்துக்கொண்டாள்: "என்ன மழைடி இது! துவைச்சுப் போட்ட துணி காயவே மாட்டேங்குது."

அந்தத் தெருவுக்கு அந்த மழையால் வந்த பெரிய கஷ்டம் அதுதான். யாரும் அவளுக்கு நன்றி சொல்லவில்லை. துணி காயாத அந்தப் புலம்பலை மட்டும் பாராட்டுப் பத்திரம் போல மனதில் மடித்து வைத்துக்கொண்டு திரும்பினாள்.

மேட்டுத் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்ததால் வெள்ளம் வடிய ஒரு வாரம் ஆயிற்று. அதுவரை தம்பியின் வாத்துகள் நீந்தித் தீர்த்தன. கடைசித் தண்ணீரும் குழாயில் இறங்கிய அன்று, டீக்கடை வாசலிலிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள்: "என்ன, காலி அணைக்காரி! மறுபடியும் காலியா?"

தம்பி சண்டைக்குப் போகிறவன் போல வேகமாகத் திரும்பினான். அவள் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஆமாங்க, சுத்தமா காலி. வந்து பாருங்க" என்று உரக்கச் சொல்லிவிட்டு, கொக்கிக் கழியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வலையைப் பார்க்கப் போனாள்.