கடுகு மெதுவாக வளரட்டும்

குக்கர் சீறினால் மிதிக்கிறார். தொலைக்காட்சியில் ஒரு லாரி வளைவில் வேகமாகத் திரும்பினால் மிதிக்கிறார். மாடி வீட்டுப் பெண், மாப்பிள்ளையைப் பார்த்த மறுநிமிடமே சம்மதம் சொல்லிவிட்டாளாம் என்று பேச்சு வந்தபோதும், நாற்காலிக்கு அடியில் அவருடைய வலது கால் தரையை ஓங்கி ஒரு மிதி மிதித்தது. நானே பார்த்தேன். எங்கள் தெருவில் 'பிரேக் அக்கா' என்றால்தான் அவரைத் தெரியும். அந்தப் பெயர் அவருக்கு அவ்வளவாகப் பிடிக்காது.

"என்னமோ நான் பிரேக்கை மிதிச்சு மிதிச்சே சம்பளம் வாங்குற மாதிரி! நான் மிதிக்காத நாள்தான் தம்பி எனக்கு நல்ல நாள்" என்பார்.

அக்கா ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பயிற்சியாளர். கூரையில் பலகை வைத்த வெள்ளைக் காரில், ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையில்தான் அவருடைய பாதி ஆயுள் கழிந்திருக்கிறது. அந்தப் பக்கத்திலும் பெடல்கள் உண்டு. ஆனால் இரண்டே இரண்டு. "கிளட்ச் இருக்கு, பிரேக் இருக்கு. ஆக்சிலேட்டர் என் பக்கம் கிடையாது. ஓட்டறது உங்க பொறுப்பு, நிறுத்தறது என் பொறுப்பு" என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவார். நானும் அவரிடம் கற்றவன்தான். நின்றுகொண்டிருந்த ஒரு பால் வண்டியை நோக்கி நான் மிகுந்த பக்தியோடு போய்க்கொண்டிருந்தபோது அவர் கத்தவில்லை, ஸ்டியரிங்கைப் பிடுங்கவில்லை. கால் மட்டும் இறங்கியது. வண்டி நின்றது. "மூச்சு விடுங்க. மறுபடி நீங்கதான் எடுக்கப் போறீங்க" என்றார். எவ்வளவு மோசமாக ஓட்டினாலும் யாரையும் அவர் பாதியில் இறக்கிவிட்டதில்லை.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த கணவர் ஒரு மாணவர் விடுதியின் தலைமைச் சமையல்காரர். பொருத்தம் என்றால் இதுவல்லவா பொருத்தம்! நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குப் பரிமாறிப் பழகிய கை அது. "போதும்ணே" என்ற சொல் அவர் காதில் விழுந்து, மூளைக்குப் போய், கைக்குத் திரும்பி வருவதற்குள் இரண்டாவது கரண்டி கவிழ்ந்திருக்கும். யாராவது தட்டில் மீதி வைத்துவிட்டால் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து முகம் வாடிப்போவார். நல்ல மனுஷன். அவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு மூன்று மாடி இறங்கி என் வீட்டுக்கு வருவதற்குள் எனக்கு இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருக்கும்.

இவர்கள் நடுவில் வந்து சேர்ந்தது ஒரு நாய்க்குட்டி. திரும்பத் திரும்பத் தேர்வில் தோற்று, ஒருவழியாக உரிமம் வாங்கிவிட்ட பல் டாக்டர் ஒருவர், நன்றிக்கடனாக அக்காவிடம் கொண்டுவந்து கொடுத்தார். கிரேட் டேன் என்ற ராட்சச இனம். கறுப்பாக, பளபளவென்று உருண்டையாக இருந்ததால் சமையல்காரர் 'கடுகு' என்று பெயர் வைத்தார். நான் பாதங்களைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒரு பன் அளவு இருந்தது. இது கடுகாகவே இருந்துவிடப் போவதில்லை என்று அப்போதே தெரிந்தது.

பெரிய நாய், பெரிய எலும்பு, அதற்குப் பெரிய சாப்பாடு. சமையல்காரரின் கணக்கு அவ்வளவுதான். எலும்பு சூப், இறைச்சி, பால், முட்டை. அதோடு நிற்கவில்லை. விடுதியில் தினமும் கூடை கூடையாக முட்டை ஓடு விழுமே, அதைக் கழுவி, வெயிலில் காயவைத்து, மிக்ஸியில் மாவாக அரைத்து ஒரு டப்பாவில் அடைத்து வைத்திருந்தார். வேளைக்கு ஒரு கரண்டி. "அத்தனையும் சுண்ணாம்புச் சத்து. இவன் எலும்பு இரும்பாயிடும் பாருங்க" என்று என்னிடம் டப்பாவைத் திறந்தே காட்டினார். எவ்வளவு வீணாகிற பொருள், எவ்வளவு நல்ல உபயோகம் என்று நானும் தலையாட்டினேன். கடுகு கண்ணெதிரே வளர்ந்தது. காலையில் பார்த்ததைவிடச் சாயங்காலம் பெரிதாக இருப்பதுபோல் தோன்றும். தெருவே வாயைப் பிளந்தது.

அக்கா மட்டும் பிளக்கவில்லை. ஒருநாள் வாசலில் குட்டியை முன்னும் பின்னும் நடக்கவிட்டு, தானும் தரையோடு தரையாகக் குனிந்து பார்த்தார்.

"ஏங்க, இங்க வாங்க. முன்பக்கக் கால் ரெண்டும் வெளியே இழுக்குது."

"காருக்குப் பாக்குற மாதிரி நாய்க்குப் பாத்தா? குட்டின்னா அப்படித்தான் தத்தக்கா பித்தக்கான்னு நடக்கும்."

"தத்தக்கா பித்தக்கா வேற, இது வேற" என்று சொன்னவர், அன்றைக்கே குட்டியைத் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனார். வண்டி ஓட்டியது நான். வழியெல்லாம் அவர் கால் மிதித்துக்கொண்டே வந்தது.

மருத்துவர் ஓர் இளம்பெண். பூனை கீறிய தழும்புகள் முழங்கை வரை. கடுகின் முன்னங்கால் மணிக்கட்டுகளை அமுக்கிப் பார்த்தார். தோலுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துத் தைத்ததுபோல் வீங்கியிருந்தன. என்னென்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். முட்டை ஓட்டு மாவு என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"சின்ன வயசுல சுண்ணாம்புச் சத்து அதிகமா குடுத்தா, வேணாம்னு ஒதுக்க இதுங்க உடம்புக்குத் தெரியாது. உள்ள போனதெல்லாம் எலும்புக்குப் போயிடும். உடம்பு ஒரு வேகத்துல, மூட்டு ஒரு வேகத்துல வளர்ந்தா கால் கோணும். இப்படியே போனா வளர்ந்தப்புறம் எந்திரிச்சு நிக்கறதுக்கே வலிக்கும்மா. இப்பவே நிறுத்துனா கால் நேராகறதுக்கு நிறைய வாய்ப்பு இருக்கு."

பெரிய இனக் குட்டிகளுக்கென்றே அளவாகச் சத்துச் சேர்த்த உணவு உண்டு, அது மட்டும் போதும், மேலே எதையும் தூவக் கூடாது என்றார். படியேற்றக் கூடாது. கொழுக்க விடக் கூடாது. கடைசியாக அவர் சொன்ன வாக்கியத்தைக் கேட்டு அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார்: "எவ்வளவு பெருசாகணுமோ அவ்வளவு பெருசு எப்படியும் ஆயிடும். மெதுவா ஆகணும், அவ்வளவுதான்."

வாழ்நாளெல்லாம் தான் சொல்லிவந்த ஒன்றை ஒரு டாக்டர் திருப்பிச் சொல்கிறார் என்றால் சும்மாவா!

கடையில் நடந்ததை நான் மறக்கமாட்டேன். விற்பனையாளர், தசைகள் புடைத்த நாய் ஒன்று பாய்வதுபோல் படம் போட்ட மூட்டையைத் தட்டிக் காட்டினார். "இதைப் போடுங்க மேடம், சீக்கிரமே கன்னுக்குட்டி மாதிரி ஆயிடும்."

"எனக்குக் கன்னுக்குட்டி வேணாம் தம்பி. நாலு காலும் நேரா இருக்கிற நாய் போதும்" என்ற அக்கா, கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு மூட்டையாகத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தை வாசித்தார். 'அதிவேக வளர்ச்சி' என்று எழுதியிருந்த மூட்டையை இரண்டு கையாலும் தள்ளி வைத்தார். குட்டி நாய்க்கு என்று இருந்ததும் போதாது, எல்லா வயதுக்கும் என்று இருந்ததும் ஆகாது. பெரிய இனக் குட்டிக்கு என்று எழுதி, சுண்ணாம்புச் சத்தின் அளவையும் ஒளிக்காமல் போட்டிருந்த ஒன்று, கீழ்த்தட்டில் படமே இல்லாத மூட்டையாகக் கிடந்தது. அதைத்தான் தூக்கினார். அதற்குள் விற்பனையாளர் எங்களை விட்டுவிட்டு வேறு ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

அன்று தொடங்கியது அக்காவின் ஆட்சி. அளந்து வைத்த கிண்ணம் ஒன்று, அதற்கு மேல் ஒரு மணி உணவுகூடக் கிடையாது. காலையில் வேலைக்குக் கிளம்புமுன் குட்டியின் விலாவைத் தடவிப் பார்ப்பார். மருத்துவர் சொல்லிக் கொடுத்த வித்தை அது. மடக்கிய கைமுட்டியைத் தடவினால் தட்டுப்படுவதுபோல் விலா துருத்தினால் இளைப்பு. உள்ளங்கையைப்போல் மெத்தென்று இருந்தால் கொழுப்பு. விரித்த புறங்கையைத் தடவினால் எலும்பு லேசாகத் தெரிகிறதே, அதுதான் சரி. குட்டி கனக்கத் தொடங்கியதும் படியில் இறக்க ஒரு பழைய போர்வையைத் தொட்டிலாகப் பிடித்து, முன்னால் அவரும் பின்னால் கணவருமாகத் தூக்கி வருவார்கள். நடுவில் கடுகு, பல்லக்கில் போகிற மாதிரி எல்லா வீட்டுக் கதவையும் வேடிக்கை பார்த்துக்கொண்டு வரும்.

தெரு சும்மா இருக்குமா? "பாவம், வாயில்லா ஜீவன்" என்றார்கள். "அவ்வளவு பெரிய மூட்டை வாங்கி அவ்வளவு சின்னக் கிண்ணமா?" என்றார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கும் மனசு கேட்கவில்லை. கிண்ணத்தை நக்கி முடித்துவிட்டு அது நிமிர்ந்து பார்க்கும் பார்வை இருக்கிறதே, கல்லும் கரையும். அக்கா கரையவில்லை. "பாரு, நல்லா பாரு. உன்ன மாதிரி எத்தனை பேர் என்னைக் கெஞ்சியிருக்காங்க தெரியுமா? பெரிய ரோட்டுக்கு எடுத்துட்டுப் போங்கக்கான்னு. போனேனா நான்?" என்று அதனிடமே பேசுவார்.

அப்போதுதான் பல் டாக்டர், கடுகோடு கூடப் பிறந்த குட்டியைக் கூட்டிக்கொண்டு வந்தார். கொழுகொழுவென்று, கடுகைவிட ஒரு சாண் உயரம். சமையல்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! விருந்தாளிகள் போன பிறகு மாடிப்படியில் என்னிடம் புலம்பினார். "ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் வயிறாரப் போடுறேன். என் வீட்டு நாய் மட்டும் இப்படி நிக்குது. நாலு பேர் என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

சில நாட்களில் அக்காவின் விரல்களுக்கு விலா அகப்படவில்லை. அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. ஒரு மதியம் வகுப்பு ரத்தானதும் நேரே வீட்டுக்கு வந்தார். நான் குடையைத் திருப்பிக் கொடுக்கப் போய், சமையல்காரர் ஊற்றிய சூப்போடு மேசையில் மாட்டியிருந்தேன். கீழே கடுகும் அதே சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தது. மேசைமேல் அந்த மாவு டப்பா மூடி திறந்து கிடந்தது. கையும் களவுமாக என்பார்களே, அது இதுதான்.

அக்கா கிண்ணத்தை எடுத்து மேலே வைத்தார். சத்தமே போடவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"எத்தனை நாளா?"

"அது என்னைப் பாக்குதும்மா. கிண்ணத்தைக்கூடப் பாக்கல, என்னைப் பாக்குது." என்றார் சமையல்காரர். "இத்தனை வருஷத்துல யாரையும் நான் பசியோட எழுப்பி அனுப்பினதில்ல. என்னால முடியல."

"பசி இல்லீங்க அது, பழக்கம். இங்க உக்காருங்க." அவரைத் தரையில் உட்காரவைத்து, அவர் கையைப் பிடித்துக் குட்டியின் முன்னங்காலில் வைத்தார். "கண்ணால பாக்காதீங்க. கையால பாருங்க. வத்திக்கிட்டு வந்த வீக்கம் மறுபடி வந்திருக்கா? நீங்க ஆசையா போட்டதெல்லாம் வயித்துல இல்ல, இங்க வந்து உக்காந்திருக்கு."

சமையல்காரர் விரலால் தடவிக்கொண்டே இருந்தார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. கடுகு அதையும் நக்கியது.

இனி இந்த மனுஷனைக் குட்டியின் பக்கமே விடமாட்டார் என்றுதான் நினைத்தேன். நானாக இருந்தால் விட்டிருக்கமாட்டேன். அக்கா டப்பாவிலிருந்த மாவைக் குப்பையில் கொட்டிவிட்டு வந்தார். அளவுக் கிண்ணத்தைக் கணவரின் கையில் கொடுத்தார்.

"நாளையிலிருந்து நீங்கதான் போடுறீங்க. ரெண்டு வேளையும்."

"நானா? வேணாம்மா, என் கை நிக்காது."

"நிக்கும். நான் பக்கத்துல உக்காந்திருப்பேன்."

அப்படியே நடந்தது. சமையல்காரர் அளப்பார். கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டி மணிகள் குவியத் தொடங்கும்போது பக்கத்து நாற்காலிக்கு அடியில் 'தொப்' என்று ஒரு மிதி கேட்கும். கை நிற்கும். விளிம்போடு வழித்துவிட்டு மீதியை மூட்டையிலேயே போடுவார். விலாவையும் அவரே தடவுவார், பிறகு தன் புறங்கையைத் தடவுவார், மறுபடி விலாவைத் தடவுவார். நாள் போகப்போக அந்தச் சத்தம் குறைந்தது. ஒருநாள் நான் உட்கார்ந்திருந்தபோது அவர் விளிம்போடு நிறுத்திவிட்டு அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். விடுதிப் பிள்ளைகள் "போதும்" என்றால் இப்போதெல்லாம் அண்ணன் நிறுத்திவிடுகிறாராம், உடம்புக்கு எதுவும் இல்லையே என்று கவலைப்படுகிறார்களாம்.

போன வாரம் மருத்துவர் கடுகை நடக்கவிட்டுப் பார்த்தார். மணிக்கட்டை அமுக்கினார். கால்களின் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். முன்னங்கால் இரண்டும் கோடு போட்டதுபோல் நேராக இறங்கியிருந்தன. கடுகு இப்போது என் இடுப்புக்கு வருகிறது. ஒல்லிதான். "இனிமே புல்தரையில கட்டவிழ்த்து விடலாம். இஷ்டத்துக்கு ஓடட்டும்" என்றார்.

அன்று சாயங்காலமே போனோம். அக்கா மாணவர்களுக்கு வண்டி பழக்கும் மைதானம்தான், அதன் ஓரத்தில் பெரிய புல்வெளி. அக்கா பள்ளிக் காரை நிறுத்தி, சாவியை எடுத்தார். ஓட்டிவந்த பக்கம் இறங்கிச் சுற்றி வந்து, கதவைத் திறந்து, தன் வழக்கமான இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டார். அங்கிருந்து பார்த்தால்தான் அவருக்குப் பார்த்ததுபோல் இருக்கும் போலிருக்கிறது. நான் திறந்த கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். சமையல்காரர் புல்வெளியின் நடுவில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, தேர்வு எழுத வந்த பையன் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"விடவாம்மா?"

"விடுங்க."

கொக்கி கழன்றது. கடுகு ஒரு கணம் நம்பாமல் நின்றது. பிறகு எடுத்தது பாருங்கள் ஓட்டம்! மண் தெறிக்க, காது இரண்டும் பின்னால் பறக்க, மைதானத்தின் அந்தக் கோடி வரை. வளைவில் வேகத்தைக் குறைக்காமல் அப்படியே திரும்பியது. பழக்கதோஷத்தில் குனிந்து அக்காவின் காலைப் பார்த்தேன்.

வலது கால் பிரேக்கின் மேல்தான் இருந்தது. மெல்ல அதை விட்டு எழுந்தது. சற்றே வலப்பக்கம் நகர்ந்து, பெடல் எதுவும் இல்லாத அந்த இடத்தில், வெறும் தரைவிரிப்பை அடிவரை மிதித்தது.