கட்டுரையில் இல்லாத பெயர்

ஜொகூரில் ரெங்கத்துக்குப் பக்கத்தில் ஒரே தோட்டத்தில், ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்தவர்கள் நானும் அவளும். பள்ளியில் ஐந்தாம் படிவம் வரை ஒரே பஸ்ஸில் போனோம். பிறகு எனக்குப் பல்கலைக்கழகம், அவளுக்குத் தாதியர் பயிற்சி. நான் ஜொகூர் பாருவில் விரிவுரையாளரானேன். அவள் குளுவாங் பக்கம் ஓர் அரசு கிளினிக்கில் மிஸ்ஸி. இடையில் பல வருஷங்கள் தீபாவளிக்கு அவளிடமிருந்து ஒரு வாழ்த்து வரும், கிறிஸ்மஸுக்கு என்னிடமிருந்து ஒன்று போகும். அவ்வளவுதான் இருந்தது.

ஒருநாள் மதியம் அவளே கூப்பிட்டாள்.

"ஏண்டி, நீ ஆராய்ச்சியெல்லாம் பண்றியே, இத யாராச்சும் பண்ணியிருக்காங்களா? இங்க வர்ற வயசான அம்மாங்க நெறைய பேருக்கு நகமெல்லாம் கோணலா இருக்கு, மூச்சு வாங்குது. கேட்டா எல்லாருமே எண்ணெய்ப்பனைக் காட்டுல மருந்து அடிச்சவங்க. வயசாயிருச்சுன்னு அவங்களே சொல்லிக்கிறாங்க. எனக்கு என்னமோ அப்படித் தோணல."

யாரும் செய்ததாக எனக்குத் தெரியவில்லை. "நாம பண்ணலாமா?" என்று கேட்டேன். "அதுக்குத்தானே போன் போட்டேன்" என்றாள்.

அனுமதிகள் எல்லாம் கிடைத்த பிறகு சனிக்கிழமைகளில் கிளம்பினோம். அவளுடைய பழைய காரில் ரெங்கம், பெக்கோக் என்று சுற்றினோம். நான் அச்சடித்த படிவங்களோடு போனேன். அதில் மூன்றாவது கேள்வி: களைக்கொல்லி தெளிக்கும் வேலையை எத்தனை ஆண்டுகள் செய்தீர்கள்? முதல் வீட்டிலேயே அது முட்டிக்கொண்டது. "யாரு கண்டா டீச்சர், அடிச்சோம், அடிச்சுக்கிட்டே இருந்தோம்" என்று அந்த அம்மா சிரித்தார். நான் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு நான்காவது கேள்விக்குப் போகப் பார்த்தேன். அவள் என் கையிலிருந்து படிவத்தை வாங்கி மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"அம்மா, மூத்தவன் வயித்துல இருக்கறப்ப மருந்து அடிச்சீங்களா, இல்ல வேற வேலையா?"

"அப்பவா? அப்ப உரம் போட்டேன். அவன் தவழ ஆரம்பிச்சப்பதான் வேலை வாங்குற மண்டோரு பம்ப தூக்கி முதுகுல மாட்டுனாரு. ரெண்டாவது பொண்ணுக்குப் பால் குடுக்குறப்பகூட அடிச்சேன். சட்டையெல்லாம் நனைஞ்சிருக்கும். அப்படியே வந்து பால் குடுப்பேன்."

வருஷங்களை மறந்திருந்த பெண்கள் பிள்ளைகளை மறக்கவில்லை. அவள் ஒரு பள்ளிக்கூட நோட்டில் நீளமாகக் கோடு போடுவாள். கோட்டில் பிள்ளைகளின் பிறப்பைக் குறிப்பாள், நடுவே வேலைகளைக் குறிப்பாள். பிறகு பிறப்புப் பத்திரங்களைக் கேட்டு வாங்கி வருஷத்தை எழுதுவாள். பத்திரமே இல்லாத பிள்ளைகளும் இருந்தார்கள், பிறந்து சில நாளில் போனவர்கள். அவர்களுக்கும் அந்தக் கோட்டில் சின்னதாக ஒரு புள்ளி வைப்பாள். திரும்பி வரும் வழியில் ஒட்டுக்கடையில் பாலில்லாத தே ஓ குடித்துக்கொண்டே, "நம்ம கட்டுரை வர்றப்போ ஒவ்வொரு வீட்டுக்கும் ஒண்ணு கொண்டு போய்க் குடுக்கணும்டி" என்பாள்.

கட்டுரையை நான்தான் எழுதினேன். அவளுக்கு அந்த வகை ஆங்கிலம் வராது. அவள் நோட்டில் செய்ததை, 'வாழ்க்கை நிகழ்வு நாட்காட்டி முறை பயன்படுத்தப்பட்டது' என்ற பொருளில் ஒரே வாக்கியத்தில் எழுதினேன். யார் பயன்படுத்தினார்கள் என்ற கேள்வியே எழாத வாக்கியம். எழுதியபோது அதில் எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை. எங்கள் துறையில் எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறோம்.

ஆய்விதழுக்கு அனுப்பத் தயார் செய்வது தனி வேலை. சொற்களை வெட்ட வேண்டும், அட்டவணைகளை அவர்கள் கேட்கும் அளவில் போட வேண்டும், மேற்கோள் பட்டியலில் புள்ளி எங்கே, காற்புள்ளி எங்கே என்று பார்க்க வேண்டும். அந்த வருஷம் என் வேலை ஒப்பந்தம் முடிகிற வருஷம். ஒரு நல்ல இதழில் கட்டுரை வந்தால்தான் நீடிக்கும் என்று பேச்சு. எல்லாம் முடிந்து முதல் பக்கத்தில் கட்டுரையாளர் பெயர்களைப் போடும் நேரம் வந்தது. கணக்கீடுகளைச் சரிபார்த்துக் கொடுத்த துறைத் தலைவர் எதிரில் உட்கார்ந்திருந்தார். என் பெயருக்கு அடுத்திருந்த அவள் பெயரைப் பார்த்துவிட்டு, இவர் யார் என்று கேட்டார். தாதி, நேர்காணல்களில் கூட இருந்தவர் என்றேன்.

"கட்டுரையில் ஏதாவது எழுதினாரா?"

அந்தக் கேள்வியில் வஞ்சகம் எதுவும் இல்லை. விதி அப்படி; அவர் கேட்கத்தான் வேண்டும். ஆய்வுக் கேள்வியே அவளுடையது, மூன்றாம் கேள்விக்கு வழி கண்டவள் அவள், அவள் இல்லாவிட்டால் எழுதவே ஒன்றும் இருந்திருக்காது என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதும்.

"இல்லை" என்றேன்.

"அப்படியானால் நன்றியுரையில் போடலாம். உங்கள் முடிவு" என்றார். பெயரை எடுத்துக் கடைசிப் பக்கத்தில் ஒட்டினேன். அவளுக்குச் சொல்லவில்லை. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அனுப்புவதற்கு முன் ஒரு தடவை காட்டச் சொல்லியிருந்தாள், அதையும் செய்யவில்லை.

அனுப்பி ஒரு வாரம் கழித்து அவளே கேட்டு வாங்கினாள். கிளினிக்கில் மதிய ஓய்வில் படித்திருக்கிறாள். போன் வந்தபோது பின்னால் யாரோ எண் கூப்பிடும் சத்தம் கேட்டது.

"என் பேரு எங்கடி?"

"கடைசிப் பக்கத்துல இருக்கு பாரு. அது வந்து, இதழோட விதி..."

"பாத்துட்டேன். தோட்டத்து ஆபிஸ்ல கணக்கு எழுதுற கிராணி, அட்டவணை போட்டுக் குடுத்தவரு, அதுக்கு அப்புறம் நானு." பின்னால் அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்கள். "விதின்னா மொதல்லயே சொல்லியிருக்கலாமே. நான் என்ன சண்டையா போடப்போறேன்?"

"மன்னிச்சிருடி."

"சரி, ஆளுங்க காத்திருக்காங்க" என்று வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு என் செய்திகளுக்குப் பதில் வரவில்லை.

மாதங்கள் கழித்து இதழிலிருந்து மடல் வந்தது. கட்டுரையைத் திருத்தி அனுப்பினால் பரிசீலிப்பார்கள். மதிப்பாய்வாளரின் முதல் கேள்வியே இதுதான்: நேர்காணலில் ஆண்டுகளை எப்படிக் கணித்தீர்கள்? இந்த முறைதான் கட்டுரையின் பலம், விரிவாக எழுதுங்கள். நான் எழுத உட்கார்ந்தேன். நான்கு வரிக்கு மேல் வரவில்லை. நோட்டுகள் அவளிடம் இருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து அவள் வீடு திரும்பும் நேரம் பார்த்துக் குளுவாங் போனேன். கேட்டைத் திறந்தவள் என்னைப் பார்த்துக் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"வாங்க. உக்காருங்க. என்ன குடிக்கிறீங்க?"

பால்வாடியிலிருந்து தெரிந்தவள். என்னை 'வாங்க' என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மதிப்பாய்வாளரின் கேள்வியைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு நிதானமாகப் படித்தாள். உள்ளே போய் நோட்டுகளை ஒரு பையில் போட்டு எடுத்து வந்தாள். மூன்று ஞாயிறுகள் அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். ஒவ்வொரு கோடாக விளக்கினாள். எந்தப் பெண்ணுக்கு எதை வைத்து வருஷம் கண்டாள், எங்கே சந்தேகம் வந்தது, சந்தேகம் வந்தால் என்ன செய்தாள், எல்லாம். ஒன்றையும் மறைக்கவில்லை, ஒரு குத்தல் பேச்சும் இல்லை. "எழுதிக்கிட்டீங்களா?" என்று மட்டும் நடுநடுவே கேட்பாள்.

திருத்திய கட்டுரையில் அவள் பெயரை முதல் பெயராகப் போட்டேன். துறைத் தலைவரிடம் போய், அன்றைக்கு நான் சொன்னது உண்மையில்லை என்று ஒப்புக்கொண்டேன். அவர் சரி என்று தலையாட்டினார். புதிதாக ஒரு பெயர் சேர்ந்தால் கட்டுரையாளர்கள் எல்லாருக்கும் இதழிலிருந்து ஒரு மின்மடல் போகும். அதிலுள்ள இணைப்பை அமுக்கிச் சம்மதம் தெரிவிக்க வேண்டும். மற்ற எல்லாருடைய பெயருக்கும் எதிரே பச்சை விழுந்தது. அவள் பெயருக்கு எதிரே 'காத்திருக்கிறது' என்றே இருந்தது. பத்து நாள் பார்த்துவிட்டுக் கூப்பிட்டேன்.

"மெயில் வந்துச்சா?"

"வந்துச்சு."

"அதுல ஒரு லிங்க் இருக்கும். அத அமுக்குனா போதும். உன் பேரு மொதப் பேரு."

"என் பேர எடுக்கறப்பவும் நீங்க என்னக் கேக்கல. போடுறப்பவும் கேக்கல." குரல் உயரவில்லை. "கட்டுரை வரட்டும். அந்த அம்மாங்க சொன்னது வரணும். என் பேரு வேணாம். கடைசிப் பக்கத்துலயும் வேணாம்."

அழுதேன். போனில் அது அவளுக்குக் கேட்டிருக்கும். "அழாதீங்க" என்றாள், கிளினிக்கில் யாருக்கோ சொல்வதுபோல.

சேர்த்த பெயரை நீக்க, சம்பந்தப்பட்டவரே கையெழுத்திட்ட கடிதம் வேண்டும் என்றது இதழ். எழுதி அவளுக்கு அனுப்பினேன். அவள் கையெழுத்தோடு அன்றைக்கே திரும்பி வந்தது. பள்ளிக்கூடத்தில் எழுதிய அதே சாய்ந்த எழுத்து.

கட்டுரை வந்தது. என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. சக ஊழியர்கள் கை குலுக்கினார்கள். அந்த நாட்காட்டி முறையைப் பற்றி ஒரு கூட்டத்தில் பேச அழைத்தார்கள். நான் போகவில்லை.

பிரதிகளை எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை நானே பெக்கோக் போனேன். முதல் வீட்டில் அந்த அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். கட்டுரையை நீட்டினேன். "இது இருக்கே டீச்சர்" என்றார். "ரெண்டு வாரம் முன்னாடியே மிஸ்ஸி கொண்டாந்து குடுத்துச்சு. எங்க எல்லாரையும் கூப்ட்டு உக்கார வச்சு, தமிழ்ல ஒவ்வொண்ணா படிச்சுக் காட்டுச்சு. நாங்க சொன்னதெல்லாம் அப்படியே இருக்கு."

பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"நீங்க ஏன் வரலன்னு கேட்டோம். ஒடம்பு சரியில்லன்னு சொல்லுச்சு. ரொம்ப அலைஞ்சு எழுதுனாங்க, அதான் படுத்துட்டாங்கன்னு சொல்லுச்சு. இப்ப தேவலையா?"

"தேவலைம்மா" என்றேன்.

உட்காரச் சொல்லி, தே ஓ கலக்க உள்ளே போனார். நான் கொண்டுவந்த பிரதிகளை மறுபடி பைக்குள் வைத்தேன்.