கயிற்றில் தொங்கிய பதினொன்றாம் எண்

என் தாய்மாமா பொய் சொல்கிறார்.

எங்கள் தாமான் குடியிருப்பின் காற்பந்துக் குழு இந்த முறை ஆண்டு விழா எடுக்கிறது, அதற்கு ஒரு மலர் போடுகிறார்கள். அச்சுக்குப் போகுமுன் எல்லாரும் பார்த்துத் திருத்தம் சொல்லட்டும் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். முன்னாள் ஆட்டக்காரர்கள் பக்கத்தில் என் அண்ணனுக்கு ஒரே ஒரு வரி. பதினொன்றாம் எண், காற்பந்தில் ஆர்வம் குறைந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். எழுதியவர் மாமா. அந்தக் காலத்தில் குழுவுக்குத் தலைவர், நிர்வாகி, பயிற்சியாளர் எல்லாம் அவர்தான். அவர் எழுதியதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள். அண்ணனும் அந்த வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறான். நான் அவனுக்குத் தனியாகவும் அனுப்பினேன், பார்த்துவிட்டான் என்று இரண்டு நீலக்கோடு காட்டியது. ஒன்றும் சொல்லவில்லை. அவன் எப்போதும் ஒன்றும் சொல்வதில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. அண்ணனுக்குப் பதினேழு. ஜொகூரில் பெக்கான் நானாஸுக்குப் பக்கத்தில் எங்கள் தாமான். தோட்டத்தை விட்டு வெளியே வந்தவர்களுக்குக் கிடைத்த வரிசை வீடுகள். எங்கள் வீட்டுப் பின்வேலியை ஒட்டித் திடல். திடலின் மறுமூலையில் ரொட்டிச்சானாயும் தேநீரும் விற்கும் தகரக்கூரைக் கடை. நவம்பரில் லீக் ஆட்டங்கள் முடிந்ததும் மழை பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு தைப்பூசம் வரைக்கும் அது திடல் இல்லை, குட்டை. வாத்துகூட வரும்.

பந்து உருளாத அந்த இரண்டு மாதத்தில்தான் எங்கள் ஊரில் பந்தைப் பற்றி அதிகம் பேசுவார்கள். யாரை எடுப்பது, யாரைத் தள்ளுவது, வெளியூரிலிருந்து யாரைக் கொண்டுவருவது. அன்னாசி ஆலையில் வேலை முடிந்து ஐந்தரை மணிக்குக் கடைக்கு வந்தால் தே கலக்குவதற்குள் சண்டை தொடங்கிவிடும். பேசுகிறவர்களில் பாதிப் பேர் ஓடிப் பத்து வருடம் ஆகியிருக்கும்.

நானும் அங்கே இருப்பேன். வேடிக்கை பார்க்க இல்லை. போன வருடத்து ஆட்டங்களையெல்லாம் பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்திருந்தவள் நான் ஒருத்திதான். சந்தேகம் வந்தால் என்னைத்தான் கேட்பார்கள்.

"குட்டி, நம்ப எட்டாம் நம்பரு எத்தன கோலு?"

"நாலு அங்கிள். அதுல ஒண்ணு பெனால்ட்டி. இன்னொண்ணு அவரு முதுகுல பட்டு போச்சி."

"முதுகுல பட்டாலும் கோலு கோலுதாம்லா," என்பார் கோழிக்கடை அங்கிள். காலையில் சந்தையில் கோழி வெட்டுகிறவர், சாயந்திரம் குழுவை வெட்டுவார். அவருக்கு எதிர்க்கட்சி லோரி அங்கிள். மெர்சிங்குக்கும் பொந்தியானுக்கும் லோரி ஓட்டுவதால் ஜொகூரில் உள்ள எல்லா ஆட்டக்காரர்களையும் தனக்குத் தெரியும் என்று சொல்லிக்கொள்வார்.

அந்த வருடம் இரண்டே பிரச்சினை. ஒன்று கோல்கீப்பர்.

"அவன மாத்தலன்னா நான் திடல் பக்கமே வரமாட்டேன். அவனுக்கு பந்தே தெரியல," என்பார் கோழிக்கடை அங்கிள்.

"போன வருசமும் இதத்தான் சொன்னீங்க. அப்புறம் மொத ஆளா வந்து கொடைய விரிச்சி ஒக்காந்தீங்க."

இரண்டாவது என் அண்ணன். அவன் இடது பக்கம் ஆடுகிறவன், பதினொன்றாம் எண். அரையிறுதி ஆட்டத்தில் கோல் கம்பத்துக்கு முன்னால் தனியாக நின்றான். வலது பக்கம் இன்னொருவன் கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தான். அண்ணன் கொடுக்காமல் தானே அடித்தான். பந்து கம்பத்துக்கு மேலே பறந்து செம்பனைக் காட்டுக்குள் விழுந்தது. பாம்பு இருக்கும் என்று யாரும் உள்ளே போகவில்லை. நான்தான் போய் எடுத்து வந்தேன். வருவதற்குள் ஆட்டத்தின் சூடே போய்விட்டது. ஒன்றுக்குச் சுழியம் என்று தோற்றோம்.

லோரி அங்கிள் மெர்சிங்கில் ஒரு பையனைப் பார்த்து வைத்திருந்தார். மீன் படகில் வேலை செய்கிறவன்.

"அவன் ஓடுனா பந்து பின்னாலதான் வருது, தெரியுமா?"

"பந்து பின்னால வந்தா இவன் எதுக்கு முன்னால ஓடுறான்? பஸ்ஸ பிடிக்கவா?" என்றார் கோழிக்கடை அங்கிள். "நம்ப பையன் இருக்கான்ல, எடது காலு. இங்க வேற யாருக்குலா எடது காலு இருக்கு?"

"எனக்கும் ஒண்ணு இருக்கு. நடக்கத்தான் ஆவுது," என்றார் லோரி அங்கிள்.

அந்த வருடம் மாநில இளையோர் குழுவுக்கு ஆள் பொறுக்கப் புது லீக்கின் முதல் ஆட்டத்துக்கே ஒருவர் வரப்போகிறார் என்று ஒரு பேச்சு இருந்தது. யார் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அண்ணன் அதை நம்பினான். ஐந்தாம் படிவப் பள்ளியிறுதிப் பரீட்சை எழுதி முடித்திருந்தான். முடிவு வந்ததும் சிங்கப்பூரில் வேலை தேட வேண்டும் என்று அப்பா சொல்லியிருந்தார். நடுவில் இந்த ஒரு ஆட்டம் மட்டும்தான் இருந்தது. மழையிலேயே தார் ரோட்டில் ஓடுவான். சாக்கடைச் சுவரில் இடது காலால் பந்தை அடித்துக்கொண்டே இருப்பான். டம் டம் என்று சத்தம் வரும். பக்கத்து வீட்டு ஆண்ட்டி திட்டுவார். கொஞ்சம் நிறுத்திவிட்டு மறுபடியும் அடிப்பான்.

ஒருநாள் கோழிக்கடை அங்கிள், பேச்சு போதும், கையைத் தூக்குங்கள் என்றார். பதினொரு பேர் இருந்தார்கள். அண்ணன் வேண்டும் என்று எட்டுக் கை உயர்ந்தது. நானும் தூக்கினேன். என்னைக் கணக்கில் சேர்க்கவில்லை.

"எதுக்கு கைய தூக்கறீங்க?" என்றார் லோரி அங்கிள். "மருமவன் கோட்டா ஒண்ணு இருக்குல. மண்டோர் தங்கச்சி மவன தள்ளிடுவாரா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சத்தமாகவே. மாமா அன்னாசி ஆலையில் மண்டோர், மேஸ்திரி வேலை. மூலை மேசையில் உட்கார்ந்திருந்தார். அவர் சிரிக்கவில்லை. தே கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். நான் வீட்டுக்கு ஓடினேன், எட்டுக் கை என்று அண்ணனிடம் சொல்ல.

இப்போது கயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் குழுவில் யாரை எடுத்தோம், யாரைத் தள்ளினோம் என்று வாயால் யாரும் சொல்லமாட்டார்கள். போன வருடத்து ஜெர்சிகளை மாமா ஒரு மூட்டையாகக் கட்டி எங்கள் வீட்டில் போடுவார். அன்னாசிக் காட்டுக் கறுப்பு மண் கறையை எடுக்க என் அம்மாவால்தான் முடியும் என்பது ஊர் அறிந்த விஷயம். தைப்பூசம் கழிந்த ஞாயிறு காலை, முதல் பயிற்சிக்கு முன், துவைத்த ஜெர்சிகள் எங்கள் பின்வேலியோரம் நீளக் கயிற்றில் தொங்கும். ஆட்டக்காரர்கள் மோட்டார் சைக்கிளில் வருவார்கள். அவரவர் எண்ணை எடுத்துக்கொண்டு திடலுக்குள் போவார்கள். எண் தொங்கவில்லை என்றால் மோட்டாரைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும். யாரும் கூப்பிடமாட்டார்கள், திரும்பியும் பார்க்கமாட்டார்கள். அன்று சாயந்திரம் அவர் கடைக்கு வந்தால் மழையைப் பற்றிப் பேசுவார்கள், மீன் விலையைப் பற்றிப் பேசுவார்கள். பந்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள்.

இது எனக்குக் கோழைத்தனமாகத் தெரிந்தது. இத்தனை நாள் கத்திவிட்டு, கடைசியில் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல ஆள் இல்லையா என்று நினைப்பேன்.

சனிக்கிழமை சாயந்திரம் மாமா வந்து ஓர் அன்னாசி டின் லேபிலை அம்மாவிடம் கொடுத்தார். அதன் பின்பக்கத்தில் எண்கள் எழுதியிருந்தன. அம்மா படித்தார். மாமாவைப் பார்த்தார். மாமா செருப்பைப் பார்த்தார். உட்காராமல் போய்விட்டார்.

ஞாயிறு காலை துணி தொங்கவிடுவது என் வேலை. "லிஸ்ட்டுல உள்ளத மட்டும் போடு," என்றார் அம்மா. ஒன்று, இரண்டு, நான்கு என்று போட்டுக்கொண்டே வந்தேன். ஒன்பதுக்கு அடுத்தது பதினான்கு. கடைசியில் புதிதாகப் பதினெட்டு, மடிப்புக் கலையாத ஜெர்சி. பழைய கோல்கீப்பரின் ஒன்றாம் எண்கூட இருந்தது, பதினொன்று இல்லை. அதை அம்மா துவைத்து மடித்து அலமாரியின் அடித்தட்டில், போர்வைக்குக் கீழே வைத்திருந்தார்.

நான் அதை எடுத்து வந்தேன். ஒன்பதுக்கும் பதினான்குக்கும் நடுவில் இடம் பண்ணி, இரண்டு கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன்.

தவறிப்போய்ச் செய்யவில்லை, தெரிந்தே செய்தேன். என் கணக்கு எளிது. எட்டுக் கை உயர்ந்திருக்கிறது. மாமா ஒரு லேபிலில் கமுக்கமாக எழுதிக் கொடுத்தால் அது செல்லுமா? ஜெர்சி தொங்கிவிட்டால், எடுத்து மாட்டிவிட்டால், அத்தனை பேருக்கு முன்னால் இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வராது. அப்படித்தான் நினைத்தேன்.

அண்ணன் பின்கதவுக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தான். பூட்ஸை மாட்டிவிட்டான், வெளியே எட்டிப் பார்க்கத்தான் தைரியம் இல்லை.

"இருக்கா?" என்றான்.

"இருக்கு."

"சும்மா சொல்லாத."

"போய் பாருண்ணே. ஒம்பதுக்கு பக்கத்துல."

அவன் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஜெர்சியின் மடிப்புக்கூட இன்னும் போகவில்லை. சட்டையைக் கழற்றிக் கதவில் எறிந்துவிட்டு அதை அப்படியே மாட்டிக்கொண்டு ஓடினான்.

திடலோரம் எல்லாரும் வந்துவிட்டார்கள். கோழிக்கடை அங்கிள் குடையோடு இருந்தார். லோரி அங்கிள் பக்கத்தில் பதினெட்டாம் எண்ணோடு அந்த மெர்சிங் பையன். மாமா ஆட்களை எண்ணினார். ஓர் ஆள் அதிகம் வந்தது. மறுபடியும் எண்ணினார். அண்ணனிடம் வந்து நின்றார்.

"இது யாரு தொங்கவிட்டது?"

"தெரியல மாமா. கயித்துல இருந்திச்சி."

"தப்பா தொங்கிருச்சி. கழட்டு."

அண்ணன் சிரித்தான். "மாமா, வெளையாடாதீங்க மாமா."

"கழட்டுன்னு சொன்னேன்ல."

நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கோழிக்கடை அங்கிளைப் பார்த்தேன். இரண்டு மாதம் எச்சில் தெறிக்க அண்ணனுக்காகப் பேசியவர். அவர் குடைக்கம்பியில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். கையைத் தூக்கிய எட்டுப் பேரில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. லோரி அங்கிள்கூட வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அண்ணன் கழற்றினான். உள்ளே பனியன் இல்லை. வெறும் உடம்போடு, பூட்ஸ் சேற்றில் சளக் சளக்கென்று, முழுத் திடலையும் கடந்து நடந்து வந்தான். வேகமாகவும் வரவில்லை, மெதுவாகவும் வரவில்லை. வேலிக்கு வந்து, ஜெர்சியை ஒருமுறை உதறி, இரண்டு கிளிப்பையும் அவனே போட்டுக் கயிற்றில் தொங்கவிட்டான். என்னைத் தாண்டித்தான் உள்ளே போனான்.

பிறகு மாமா வந்து கேட்டபோது, "நான்தான் போட்டேன், கண்ணு சரியா தெரியல," என்றார் அம்மா. அவருக்கு அப்போது கண் நன்றாகவே தெரியும்.

மாநிலக் குழுவுக்கு ஆள் பொறுக்க அந்த வருடம் யாரும் வரவில்லை. மெர்சிங் பையன் நான்கு ஆட்டம் ஆடிவிட்டுப் படகுக்கே திரும்பிப் போனான். கோல்கீப்பர் மட்டும் இன்னும் ஆறு வருடம் இருந்தார். அண்ணன் மார்ச்சில் சிங்கப்பூருக்குப் போனான். இருபத்துமூன்று வருடமாக விடிவதற்கு முன் எழுந்து சிங்கப்பூர்ப் பாலத்தைத் தாண்டிக்கொண்டிருக்கிறான். தொலைக்காட்சியில் பந்து வந்தால் எழுந்து போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவான். இதற்குப் பெயர்தான் ஆர்வம் குறைந்தது.

என் பங்கை நான் ஒளிக்கவில்லை. அந்தக் கயிறு சட்டை கிடைத்தவர்களுக்காகக் கட்டியது என்று பத்து வயதில் நினைத்திருந்தேன். கிடைக்காதவர்களுக்காகக் கட்டியது அது. எண் தொங்காதவன், ஒருவர் கண்ணிலும் படாமல் வீட்டுக்குப் போகலாம். அந்த வழியை என் அண்ணனுக்கு அடைத்தவள் நான். இருக்கு என்று சொன்னவளும் நான். இதை அவனிடம் ஒருநாளும் சொன்னதில்லை. இன்றைக்கு இதை அப்படியே வாட்ஸ்அப்பில் போடப்போகிறேன். அவன் படிப்பான். என்னிடம் பேசாமல் போனாலும் போகட்டும்.

ஆனால் லேபிலில் பதினொன்றை விட்டவர் நீங்கள், மாமா. அரையிறுதியில் அவன் பந்தைக் கொடுக்காததற்காகவா? மெர்சிங் பையன் நிஜமாகவே நல்ல ஆட்டக்காரன் என்றா? இல்லை, மருமகன் கோட்டா என்று கடையில் பத்துப் பேர் சிரித்தார்களே, அதற்குப் பயந்தா? முதல் இரண்டில் எதுவாக இருந்தாலும் நான் ஏற்றுக்கொள்கிறேன். அவனும் ஏற்றுக்கொள்வான். ஆட்டம் போதாது என்று அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் இன்னொரு குழுவில் ஆடியிருப்பான்.

ஆண்டு விழா விருந்தில் உங்களுக்கு மாலை போட்டு மைக் கொடுக்கப்போகிறார்கள். அண்ணனை நான் கூட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார வைக்கிறேன். தனியாக வந்து என் காதில் எதையும் சொல்ல வேண்டாம். அம்மா மூலமாகச் சொல்லி அனுப்பவும் வேண்டாம். எல்லார் முன்னாலும்தானே கழற்றச் சொன்னீர்கள். ஏன் என்று அந்த மைக்கிலேயே சொல்லுங்கள்.