இருபது இடத்தில் அடங்காத வீடு

"என் பேரைக் கொண்டு எங்க வச்ச மக்கா?" என்று விஜயதாஸ் தங்கை விமலகுமாரியிடம் கேட்டான். அந்தப் பெயரைக் கடைசியாகக் கையாண்டவள் அவள்தான்.

காரோட்டிலிருந்து பாறசாலைக்கு வந்து, காலை ரயிலில் திருவனந்தபுரம் போகிறவள் அவள். அங்கே ஒரு கணிப்பொறி நிலையத்தில் வேலை. 1998-இல், ஓர் அறையையே அடைத்து நின்ற பழைய மெயின்பிரேம் கணிப்பொறியை நிறுத்த முடிவானது. அரசு வேலைக்குப் பதிந்து காத்திருப்பவர்களின் பட்டியல் அதில்தான் இருந்தது. புதிய கணிப்பொறியில் ஏற்றுவதற்காக அதை வெறும் வரிகளாக ஒரு கோப்பில் இறக்க வேண்டும். ஆளுக்கு ஒரு வரி, எழுத்துக்கு ஓர் இடம். பதிவு எண்ணுக்கு எட்டு இடம், பெயருக்கு இருபது, பிறந்த தேதிக்கு எட்டு. இடம் வகுத்தவர் மேலதிகாரி கிருஷ்ணன்குட்டி. இறக்கியவள் விமலகுமாரி.

அந்தப் பட்டியலில் அவளுடைய அண்ணன் விஜயதாஸ் பதினைந்து வருடமாக நின்றான். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, பொழியூரில் வள்ளங்களின் எஞ்சினைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். ஜூனில் முப்பத்தைந்து வயது முடியும், அரசு வேலைக்கு அதுதான் வயது வரம்பு. அதற்குள் அழைப்பு வராவிட்டால் பிறகு வரவே வராது.

அவள் முதல் நூறு வரிகளைச் சரிபார்த்தாள். எல்லாம் நகரத்துப் பெயர்கள். இரண்டு இனிஷியலோடு அழகாக அடங்கின. "ரெண்டு தடவை பதிஞ்சவங்க நிறைய உண்டு. பெயரும் தேதியும் ஒண்ணா வந்தா ஒண்ணைத் தள்ளிடு" என்றார் கிருஷ்ணன்குட்டி. தள்ளினாள். கடைசியில் ஆசையாகத் தன் வீட்டுப்பெயரைத் தேடினாள். மேலேகிழக்கும்கரை இருந்தது. அதற்கு மேல் அவள் பார்க்கவில்லை.

"அண்ணே, உன் பேரு புதுசுல ஏறியாச்சு."

"ஏறி என்னத்துக்கு? எறங்கி வீட்டுக்கு வரண்டாமா?" என்று சிரித்தான் விஜயதாஸ்.

ஏப்ரலில் நேர்முகத்துக்கு அழைத்துக் கடிதம் வந்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தில் 'மேலேகிழக்கும்கரை பு' என்று மட்டும் இருந்தது.

"முழுசா எழுத சர்க்காருக்கு மை இல்ல ஆக்கும்" என்று சொல்லிக்கொண்டே சட்டையை இஸ்திரி போட்டான்.

நேர்முகத்தில் இருந்த அதிகாரி கடிதத்தில் இருந்த எண்ணைப் பார்த்தார், அவனுடைய பதிவுக் கார்டைப் பார்த்தார். "இது உங்க எண் இல்லையே?"

"இல்ல சாரே, அது எனக்க தம்பி ராபின்சனுக்க எண். அவனும் எங்கூடயே பதிஞ்சான். சவூதிக்குப் போயி ஏழு வருசம் ஆச்சு."

"அப்போ அழைப்பு அவருக்குத்தான். உங்க எண் பட்டியல்ல இல்லை."

அன்று மாலைதான் அவன் அந்தக் கேள்வியைக் கேட்டான். கேட்டுவிட்டு சட்டையைக் கழற்றி மடித்து வைத்தான். விமலகுமாரி இரவெல்லாம் யோசித்துத்தான் விடையைப் பிடித்தாள். இந்தப் பக்கத்து ஊர்களில் வீட்டுப்பெயர் முன்னால் வரும், ஆளின் பெயர் கடைசியில் வரும். மேலேகிழக்கும்கரை புத்தன்வீடு இருபது இடத்தையும் தானே எடுத்துக்கொண்டது. ஆளுக்கு இடமில்லை. அதோடு, அம்மா செல்லபாய் இரண்டு பையன்களையும் ஒரே நாளில் பள்ளியில் சேர்த்தவள். பிறந்த தேதி தெரியாது என்றதும் வாத்தியார் இருவருக்கும் ஒரே தேதியை எழுதிவிட்டார். கணிப்பொறிக்கு இருவரும் ஒருவராகத் தெரிந்தார்கள். இருவரில் முன்னால் நின்ற ராபின்சனை அது வைத்துக்கொண்டு, விஜயதாஸைத் தள்ளிவிட்டது.

காலையில் பழைய பட்டியலைப் பதிந்து வைத்திருந்த காந்த டேப்பைத் தேடி ஓடினாள். அதில் வேறு ஏதோ பதிந்திருந்தார்கள். மெயின்பிரேம் பழைய இரும்பாக லாரி ஏறிப் போயிருந்தது.

"கார்டு இருக்குதுல்ல? புதுசா பதியச் சொல்லு" என்றார் கிருஷ்ணன்குட்டி.

புதிதாகப் பதிந்தால் பட்டியலின் அடியில் போய் நிற்க வேண்டும். விஜயதாஸ் அலுவலகம் அலுவலகமாகக் கார்டை நீட்டிப் பார்த்தான். கணிப்பொறியில் இல்லை என்றார்கள். ஜூன் வந்தது, போனது.

அவன் தங்கையை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். இப்போதும் பொழியூரில் எஞ்சின் பிரிக்கிறான். அவளும் அதே ரயிலில் போகிறாள்.

இதைப் படிக்கிறவர்களுக்கு, ஒரு பட்டியலை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றுகிற யாரையாவது தெரிந்தால் இதைச் சொல்லுங்கள். முதல் நூறு வரி போதாது, மிக நீளமான பெயரைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். சொல்லும்போது விஜயதாஸ் என்ற பெயரை விட்டுவிடாதீர்கள்.